ஆர்மேனியச் சொற்களும் ஆறிப்போன தேத்தண்ணியும்

அன்று எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருந்தவர்கள் ஏழு பேர். பிறகு ஆளுக்கொரு கதை சொல்வார்கள் என்பதால் இப்போதே எழுதிவைக்கிறேன். நான். என் கணவர், இந்தத் தொடரில் வழக்கம்போல ‘இவர்’. எங்கள் ஒரே மகள் துளசி. அவளைக் கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்த ஆர்மேனியப் பையன் வாஹே. யெரெவானில் பல் வைத்தியராக இருக்கும் அவனுடைய தகப்பன் ஹாகோப். தாய் நுனே. ஏழாவது ஆள், மாஸ்டர்.

மாஸ்டர் எங்களுக்குச் சொந்தமில்லை. துளசி சின்னப் பிள்ளையாக இருந்தபோது சனிக்கிழமைகளில் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். “படிச்ச ஆள் ஒண்டு எங்கட பக்கமும் இருக்கவேணும்” என்று இவர்தான் கூப்பிட்டார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இவர் பத்தாம் வகுப்புச் சோதனையை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் சோதனையை வெல்லவிட்டவர். பல் வைத்தியருக்கு முன்னால் எங்கள் இருவரையும் மட்டும் இருத்தினால் தராசு ஒரு பக்கமாகத் தூக்கிவிடும் என்பது இவருடைய பயம்.

என்னுடைய பயங்களைக் கேட்காதீர்கள். கவலைப்படுவது எனக்குச் சம்பளமில்லாத முழுநேர வேலை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பார்ப்பது பகுதிநேரம்தான். ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. வருகிற மனுசனுக்கு இதயத்தில் ஏதாவது இருந்தால்? கீழ்வீட்டுக் கிழவி ஞாயிற்றுக்கிழமை சத்தம் என்று பொலிசைக் கூப்பிட்டால்? வடைக்குள் இருக்கும் செத்தல் மிளகாய் தாயின் தொண்டையில் அகப்பட்டால்? இதையெல்லாம் யோசித்து முடித்தபோது வாசல் மணி அடித்தது. நடக்கப்போவதை மட்டும் யோசிக்காமல் விட்டிருந்தேன்.

போத்தலும் பேணிகளும்

ஹாகோப் வாசலில் நின்று நெஞ்சில் கை வைத்து “பாரெவ்” என்றார். வணக்கம் என்று அர்த்தமாம். அதோடு விட்டிருக்கலாம். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அந்தச் சொல்லையும் கழற்றிக் காட்டினார். பாரி என்றால் நல்ல. அரெவ் என்றால் சூரியன். உங்களுக்கு நல்ல சூரியன். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

நுனே என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் தந்தாள். உள்ளே வால்நட் வைத்துக் காயப்போட்ட ஆப்ரிகொட் பழங்கள் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தாள். ஹாகோப் ஒரு கொன்யாக் போத்தலை மேசையின் நடுவில், சாமி படம் வைப்பதுபோல நேராக வைத்தார். எல்லோரும் இருந்தோம்.

நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். தங்கக் கரை போட்ட ஆறு கோப்பைகள். நல்ல சாயம், தகரப் பால், ஏலக்காய் இரண்டு. மாஸ்டருக்குக் கோலா டின். அதன் கதை கொஞ்சம் பொறுங்கள், வருகிறது.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வந்தவர்கள் முதலில் வாய் நனைக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் வந்த விசயம். இவர் கோப்பையைக் கையில் எடுத்து, அவர்கள் எடுப்பதற்காகக் காத்திருந்தார். அவர்கள் எடுக்கவில்லை.

“பிட்டே, பிட்டே” என்றேன், எடுங்கள் என்று. எனக்கு மிக நன்றாக வரும் ஜெர்மன் சொல் அது.

ஹாகோப் நெஞ்சில் கை வைத்து “மெர்சி” என்றார். அவர்கள் மொழியில் நன்றிக்கு முறையான சொல் ‘ஷ்னொர்ஹகலுத்யுன்’. அருளை ஏற்றுக்கொள்ளுதல் என்று பொருளாம். சொல்லி முடிப்பதற்குள் கொடுத்தவர் வீட்டுக்குப் போய்விடுவார் என்பதால் ஊரெல்லாம் பிரெஞ்சுக்காரரின் மெர்சியையே பாவிக்கிறார்கள் என்று வாஹே சொன்னான். நான் சிரித்தேன். கோப்பை அங்கேயே இருந்தது.

வடைத் தட்டை நகர்த்தினேன். ரோல்ஸ் தட்டை நகர்த்தினேன். கடைசியில் நுனேயின் கோப்பையைத் தூக்கி அவள் கைக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அவள் என் கையைப் பிடித்து, கண் கலங்கி, “ட்ஸாவ்த் தானெம்” என்றாள்.

“உங்கட நோவை நான் எடுக்கிறன் எண்டு சொல்லுறா அம்மா. அவையள் அன்புக்குச் சொல்லுறது” என்றாள் துளசி.

என் நோவை எடுப்பாளாம். என் தேத்தண்ணியை எடுக்கமாட்டாளாம்.

ஒரு தகரப் பேணியின் வரலாறு

போன வாரம் சலவைக்கூடக் கதையை வாசித்த ஒருவர் தொலைபேசி எடுத்து, “சந்தோசமாக எழுதிறியள் அக்கா, இப்பிடியே எழுதுங்கோ” என்றார். அவர் இந்தப் பகுதியைத் தாண்டிப்போகலாம்.

ஊரில் எங்கள் வீட்டில் தண்ணி குடிக்காத சனம் இருந்தது. சாதிதான், வேறென்ன. இந்தப் பத்திரிகையை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். தெரியாதமாதிரி இருக்கவும் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வருவார்கள், முற்றத்தில் நின்று கதைப்பார்கள், கடன்கூடக் கேட்பார்கள். அம்மா செம்பைக் கொண்டுவந்தால் மட்டும் திடீரென்று எல்லோருக்கும் தாகம் தீர்ந்துவிடும்.

என் ஐயா வேலி அடைக்கிறவர். பெரிய வீடுகளுக்குக் கிடுகு கட்டி, கதியால் நட்டு, கோழிகூட நுழைய முடியாதபடி அடைத்துக் கொடுப்பார். அந்த வீடுகளில் அவருக்கென்று ஒரு தகரப் பேணி இருக்கும். அது தொங்குவது ஐயா கட்டிய வேலியிலேதான், ஆனால் வெளிப்பக்கமாக. ஐயாவிடம் அதைப் பற்றிக் கேட்டால் பெரிதாக ஒன்றும் சொல்லமாட்டார். “அவையின்ர தேத்தண்ணியில சாயமும் இல்லை, சீனியும் இல்லை. பேணி எங்க தொங்கினால் என்ன” என்பார்.

ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருசமாயிற்று. இங்கே வேலியும் இல்லை, கதியாலும் இல்லை. ஆனால் தகரப் பேணி மட்டும் எப்படியோ விசா எடுத்து வந்துவிட்டது. சிலர் எங்கள் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி வேண்டாம் என்பார்கள். “கோலா இருந்தால் தாங்கோ, டின்னாய் இருந்தால் நல்லது.” மூடி உடைக்காத டின். என் கை படாத டின்.

மாஸ்டர் நல்ல மனுசன். நான் இருமினாலும் தொலைபேசி எடுத்து விசாரிப்பார். ஆனால் எங்கள் வீட்டில் அவர் குடித்ததெல்லாம் கோலாதான். சீனி வருத்தமாம், தேத்தண்ணி கூடாதாம். எந்த டாக்டர் சீனி வருத்தத்துக்குக் கோலா எழுதிக்கொடுத்தார் என்று நான் கேட்டதில்லை. அவர் போனபிறகு வெறும் டின்னைக் கடை மெஷினில் போட்டு, ஃபாண்ட் என்கிற முற்பணக் காசு இருபத்தைந்து சதத்தை எடுத்துக்கொள்வேன். அவமானத்துக்கும் ஃபாண்ட் காசு திருப்பிக் கொடுக்கிற நாடு இது.

இதை மாஸ்டர் வாசிப்பார். வாசிக்கட்டும், சந்தா கட்டியிருக்கிறார்.

துளசியிடம் இதில் ஒரு சொல்லும் நான் சொன்னதில்லை. எங்கள் காலத்துக் குப்பையை இங்கே கொண்டுவந்து அவளுடைய அறையில் ஏன் கொட்டவேண்டும் என்று விட்டுவிட்டேன். அதனால் அன்று, எங்கோ மலைநாட்டிலிருந்து வந்த இரண்டு பேர் என் தேத்தண்ணியைத் தொடாமல் இருந்தபோது, எனக்கு அது ஏன் அப்படிச் சுட்டது என்று அந்த அறையில் இவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. மாஸ்டருக்குத் தெரிந்திருக்கலாம். அவர் கோலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயாவும் ஹாய்ரும்

மாஸ்டருக்கு மௌனம் ஒத்துவராது.

“தகப்பனை உங்கட பாசையில என்னெண்டு சொல்லுறது எண்டு கேள் பிள்ளை” என்றார்.

துளசி ஜெர்மனில் கேட்டாள். வாஹே ஆர்மேனிய மொழியில் கேட்டான். “ஹாய்ர்” என்றார் ஹாகோப்.

மாஸ்டர் தொடையில் அடித்தார். “பாத்தியளே. ஹாய்ர், ஐயர், ஐயா. ஒண்டுதான். எங்கட சொல்லு, போய் அங்க குளிரில கொஞ்சம் விறைச்சுப்போச்சு.”

எங்கள் ஆட்களிடம் இந்த வருத்தம் இருக்கிறது. உலகத்தில் எந்த மொழிக்காரன் வாயைத் திறந்தாலும் உள்ளே தமிழ் தெரியும். மாஸ்டருக்கு முற்றிய நிலை. ஜெர்மன்காரர் ‘ஆ, ஸோ’ என்பதுகூட ‘ஆச்சோ’ என்பதுதான் என்று ஒருமுறை நிரூபித்தவர்.

ஆனால் பல் வைத்தியருக்கும் அதே வருத்தம் இருந்தது. துளசி மொழிபெயர்த்ததும் ஹாகோப் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம். சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். அவர்களுடைய பெரிய சொற்பிறப்பு அகராதி ஒன்றைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அதற்குள் வைத்திருந்தார். பேரப்பிள்ளைகளின் படம் வைத்திருக்கவேண்டிய வயது. இல்லாத குறைக்கு அகராதி.

“ஹாய்ரும் ஜெர்மன்காரரின் ஃபாட்டரும் ஒரே சொல்லாம்” என்றாள் துளசி. “பழைய காலத்தில ‘ப’வில தொடங்கினதாம். அவையிட்ட அது ‘ஹ’ ஆப் போச்சாம்.”

“அதெப்பிடி? ஐயாவெண்டு காதுக்கே கேக்குதே” என்றார் மாஸ்டர்.

“சொல்லைக் காதால பாக்கக்கூடாதாம் மாஸ்டர்.”

இடையில் ஒரு தொல்லை. மாஸ்டர் ஐந்து நிமிடம் தமிழில் பேசுவார். துளசியிடம் அது ஜெர்மனாகும்போது ஒரு நிமிடமாகும். வாஹேயிடமிருந்து ஹாகோப்புக்குப் போய்ச் சேரும்போது நாலு சொல் மிஞ்சும். அந்த நாலு சொல்லுக்கும் ஹாகோப் ஐந்து நிமிடம் பதில் சொல்வார். அது திரும்பி வரும்போது “இல்லையாம்” என்று வரும்.

பெரிய வெள்ளம் வந்து, கப்பல் தங்கியது அரராத் மலையில்தான், ஆகவே கப்பலிலிருந்து இறங்கியவர்கள் முதன்முதலாகப் பேசியது ஆர்மேனிய மொழிதான் என்றார் ஹாகோப். பகிடியாகச் சொன்னாரா உண்மையாகச் சொன்னாரா தெரியவில்லை.

“கப்பலில இருந்து இறங்கினவன் ஆர்மேனியன் எண்டால், கப்பலைச் செய்தவன் தமிழன் எண்டு சொல்லு பிள்ளை” என்றார் மாஸ்டர்.

அது ஒரு சொல்லும் குறையாமல் போய்ச் சேர்ந்தது. ஹாகோப் சிரித்து, ஐந்து யூரோத் தாள் ஒன்றை மேசையில் வைத்தார். ஒரு சொல்லுக்கு ஐந்து. தீர்ப்பு அகராதியிடம். மாஸ்டர் பின்வாங்குகிற ஆளா? ஹாய்ருக்கு முதலில் ஐந்து எழுதப்பட்டது, மாஸ்டரின் பெயரில் கடனாக.

வீட்டுக்கு என்ன சொல்? ‘துன்.’ “தூண். தூண் இல்லாத வீடு இருக்கோ?” என்றார் மாஸ்டர். அகராதி இல்லையென்றது. ரஷ்யர்கள் வீட்டை ‘தோம்’ என்பார்களே, அதன் கூடப்பிறந்ததாம். இன்னொரு ஐந்து.

தண்ணிக்கு? ‘ஜூர்.’ “சுரக்கிறது, ஜூர். இதுக்கு என்ன அகராதி வேணும்?” அகராதி அதற்கும் இல்லையென்றது. இன்னொரு ஐந்து. தண்ணியின் பிறப்பிடத்தைப் பற்றி இரண்டு பேர் அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். மேசையில் ஆறு கோப்பைகளிலும் ஆடை படிந்துகொண்டிருந்தது.

சீனிக்கு ‘ஷகர்.’ “சர்க்கரை” என்று கத்தினார் மாஸ்டர். ஹாகோப் அகராதியைப் பார்த்துத் தலையாட்டினார். பாரசீகம் வழியாக வந்தது, புறப்பட்ட இடம் இந்தியா. சமஸ்கிருதக்காரரோ தமிழ்க்காரரோ நீங்களே பங்கு பிரித்துக்கொள்ளுங்கள் என்றார். மாஸ்டர் ஐந்து யூரோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கள்ளநோட்டோ என்று.

அரிசிக்கு ‘பிரிண்ட்ஸ்’. இதில்தான் சண்டை பெருத்தது. அரிசி, வரிசி, விரிசி, பிரிண்ட்ஸ் என்று மாஸ்டர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். ஈரானிலிருந்து வந்தது, அதற்கு அப்பால் இந்தியாப் பக்கம், அதற்கும் அப்பால் ஆளுக்கொரு கருத்து என்றார் ஹாகோப். மாஸ்டர் “அந்த அப்பால்தான் நாங்கள்” என்றார். சமன் என்று முடிவாயிற்று.

இவர் வாயைத் திறந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார், காற்பந்து பார்ப்பதுபோல. மகளின் கலியாணப் பேச்சு என்பதே மறந்துபோயிற்று. நான் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன்.

குசினியில்

முதல் கோப்பையைத் தொட்டிக்குள் ஊற்றியபோது துளசி பின்னால் வந்து நின்றாள்.

“ஏனம்மா ஊத்திறியள்?”

“ஆறிப்போச்சு.”

“மைக்ரோவேவில வையுங்கோவன்.”

“துளசி, நான் சொல்லுறதைக் கேள். இந்தச் சம்மந்தம் வேண்டாம்.”

அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

“ஏன் வேண்டாம்?”

“எங்கட கையால தந்தது ஒண்டையும் வாயில வைக்காத குடும்பத்தில நீ போய் என்னெண்டு இருப்பாய்? நாளைக்கு நான் உன்ர வீட்டுக்கு வந்தால் எனக்கு எதில தருவினம்? நான் விடமாட்டன். ஏலாது.”

“அம்மா, என்ன கதைக்கிறியள்? அவை சொல்லெடுக்க வந்தவையெல்லோ.”

“என்ன சொல்லு?”

“கோஸ்காப். கோஸ்க் எண்டால் சொல்லு. காப் எண்டால் கட்டு. சொல்லுக்கட்டு. பெடியன்ர ஆக்கள் பொம்பிளை வீட்டை போய் அப்பான்ர சொல்லை வாங்கவேணும். வாஹேயின்ர அப்பாவுக்கு அதில சரியான பிடிவாதம். சொல்லுக் கிடைக்குமட்டும் அந்த வீட்டில ஒண்டும் வாயில வைக்கமாட்டார். போத்தலும் திறக்கமாட்டார். சாப்பிட்டிட்டுக் கேட்டால் சாப்பாட்டுக்காக் கேட்டமாதிரி ஆகிடுமாம்.”



“இதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்ல?”

“சொன்னனான். வாட்ஸ்அப்பில. ஆறு நிமிச ஓடியோ.”

“அதில சப்பாத்துக் கழட்டுறதைப் பற்றியெல்லோ சொன்னனி?”

“அது முதல் ரெண்டு நிமிசம்.”

உண்மைதான். மிச்சத்தை நான் கேட்கவில்லை. வடைக்குப் பருப்பு ஊறப்போட்டிருந்தேன்.

ஆக, நடந்தது இவ்வளவுதான். அவர்கள் சொல் கிடைக்கும்வரை குடிக்கமாட்டார்கள். நாங்கள் அவர்கள் குடிக்கும்வரை சொல்லமாட்டோம். இரண்டு பக்கமும் மரியாதைக்குமேல் மரியாதையாக விடியும்வரை உட்கார்ந்திருப்போம்.

துளசி என் கையிலிருந்து கோப்பையை வாங்கினாள். “குடிக்காட்டித்தான் என்னம்மா? மாஸ்டரும் ஒருநாளும் இஞ்ச குடிக்கிறேல்லயே. அவரில ஒருக்காலும் கோவிக்கிறேல்ல நீங்கள்.”

“அவருக்குச் சீனி வருத்தம்.”

“அவற்ற வீட்டில மூண்டு கரண்டி போட்டுக் குடிக்கிறவர். நான் பாத்தனான்.”

நான் கேத்திலில் தண்ணி நிரப்பினேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்த நேரம் ஏதும் விளங்கியதோ என்னவோ. இன்றுவரை நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இரண்டு

நான் திரும்பி வந்து இவரின் காதுக்குள் சொன்னேன். “இஞ்சேருங்கோ, அவை உங்கட சொல்லுக்குத்தான் காத்திருக்கினம். ஓமெண்டு சொல்லுங்கோ, குடிப்பினம்.”

“கொஞ்சம் பொறும்” என்றார் இவர். “இரண்டு போய்க்கொண்டிருக்கு.”

இரண்டுக்கு ஆர்மேனியச் சொல் ‘எர்கு’. மாஸ்டர் எழுந்தே நின்றுவிட்டார். “இரு. எர்கு. இனி நான் என்னத்தைச் சொல்ல? சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இதுக்கு ஐஞ்சு காணாது. இருபது.”

ஹாகோப் இருபதுக்குத் தலையாட்டிவிட்டு, அமைதியாகத் தொலைபேசியைத் தட்டினார். வாஹே குனிந்து வாசித்தான். வாஹேயின் முகம் மாறியது.

“எர்குவும் ஜெர்மன் ட்ஸ்வையும் ஒரே சொல்லாம்” என்றாள் துளசி.

அறையில் ஒருவரும் நம்பவில்லை. நானே நம்பவில்லை. எர்கு எங்கே, ட்ஸ்வை எங்கே. ஒரு எழுத்துக்கூட ஒட்டவில்லை. ஆனால் அகராதியில் அப்படித்தான் இருந்தது. மிகப் பழைய காலத்தில் ‘த்வ’ என்று தொடங்கிய சொற்கள் அவர்கள் வாயில் ‘எர்க்’ என்று ஆகிவிட்டனவாம். அப்படி மாறியதற்கு வேறு சொற்களும் சாட்சியாம். படித்தவர்கள் அதற்காக ஒருவரையொருவர் மண்டையில் அடித்து, கடைசியில் ஒத்துக்கொண்டார்களாம். ஒரே மாதிரிக் கேட்ட இரண்டு சொற்களுக்கு ஒரு உறவும் இல்லை. ஒட்டவே ஒட்டாத இரண்டும் கூடப்பிறந்தவை.

மாஸ்டர் மெல்ல உட்கார்ந்தார். கணக்கு பார்த்தார்கள். அவர் வென்றதைக் கழித்தால் முப்பது. சட்டைப்பையைத் தடவினார், பத்து யூரோத் தாள் ஒன்றுதான் இருந்தது. ஹாகோப் “விடுங்கோ” என்பதுபோலக் கையைக் காட்டினார். எங்கள் பக்கத்தார் தோற்றுவிட்டுக் கொடுக்காமல் போனார்கள் என்று யெரெவானில் ஒரு கதை ஓடக்கூடாது. என் கைப்பையிலிருந்து இருபதை எடுத்துவைத்தேன்.

“பிறகு தாங்கோ மாஸ்டர்.”

“கட்டாயம் பிள்ளை. நாளைக்கே.”

ஹாகோப் முழுவதையும் அள்ளித் துளசியின் கையில் வைத்துப் பொத்தினார். மருமகளுக்கு முதல் காசு. இன்னும் மருமகள் ஆகவில்லை.

நான் இவரின் தொடையில் கிள்ளினேன். இவர் எழுந்தார். இரண்டு நாளாக ஒரு பேச்சு மனப்பாடம் பண்ணியிருந்தார். குலம், கோத்திரம், கடல் கடந்து வந்தது என்று ஒரு பக்கத்துக்கு இருந்தது. எல்லாவற்றையும் மறந்துபோய், “எங்களுக்குச் சம்மதம்” என்றார்.

இரண்டே சொல். துளசியிடம் இரண்டாகவே போயிற்று, வாஹேயிடம் ஒன்றாயிற்று. ஹாகோப் போத்தலை எடுத்து, மூடியில் ஒட்டியிருந்த தாளைப் பல்லால் கிழித்தார். பல் வைத்தியர்.

ஏழாவது கோப்பை

புதிதாகப் போட்ட தேத்தண்ணியை நான் கொண்டுவந்தேன். நுனே கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, ஒரே மூச்சில் பாதி குடித்து, கண்ணை மூடினாள். பாவம், காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லையாம். பிறகு மூன்று வடை சாப்பிட்டாள். செத்தல் மிளகாய் தொண்டையில் அகப்படவில்லை. அகப்பட்டது எனக்குத்தான், பார்த்துக்கொண்டே சாப்பிட்டதில்.

அப்போது ஹாகோப் ஏதோ சொன்னார். வாஹே அசடு வழிந்துகொண்டு மொழிபெயர்த்தான். சொல்லைக் கேட்ட எல்லோரும் அந்த வீட்டுக் கோப்பையில் குடிக்கவேண்டும். அப்போதுதான் கட்டு இறுகும். குடிக்காத ஆள் ஒன்று இருந்தால் அந்தப் பக்கத்தால் அவிழ்ந்துவிடும். அவருடைய தகப்பன் காலத்திலிருந்து அப்படித்தானாம்.

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தோம். அவர் கோலா டின்னைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். ஹாகோப் இல்லையென்று தலையை ஆட்டினார். அது கடையின் டின், இந்த வீட்டுக் கோப்பை இல்லை.

“எனக்குச் சீனி வருத்தம் எண்டு சொல்லு பிள்ளை.”

துளசி சொன்னாள். நுனே உடனே ஏதோ சொன்னாள்.

“சீனி போடாமல் குடிக்கட்டாம் மாஸ்டர்” என்றாள் துளசி. குரல் தேன்.

இவர் நிலத்தைப் பார்த்தார். நான் குசினிக்குப் போய் ஏழாவது கோப்பையை எடுத்தேன். தங்கக் கரைக் கோப்பைகளில் எப்போதும் அலுமாரிக்குள் பின்வரிசையில் நிற்கிற கோப்பை அது. பால் இல்லை, சீனி இல்லை. வெறும் சாயம். கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். கைப்பிடியை அவர் பக்கம் திருப்பிவிட்டேன்.

சூடான தேத்தண்ணியை அண்ணாந்து ஊற்றிக் குடிக்க ஏலாது. உதடு வைத்துத்தான் குடிக்கவேண்டும். மாஸ்டர் கோப்பையைத் தூக்கினார். ஆர்மேனியக் குடும்பம் ஒன்று முழுதாக அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் மகளின் வாழ்க்கை அந்தக் கோப்பையின் விளிம்பில் இருப்பதாக அவர்கள் உண்மையிலேயே நம்பினார்கள். என் ஐயா, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், எங்கேயோ ஒரு வேலிக்கு வெளியே குந்தியிருந்து பார்த்திருப்பார்.

மாஸ்டர் ஊதினார். குடித்தார். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி குடித்தார். ஹாகோப் கை தட்டினார். மாஸ்டர் அடிமண்டி தெரியும்வரை குடித்துவிட்டு, கோப்பையைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தார்.

“நல்ல சாயம்” என்றார்.

யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. கோப்பையைப் பார்த்துத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு மாஸ்டர் பலமுறை தொலைபேசி எடுத்துவிட்டார். காப் என்றால் கட்டு என்றார்களே, அது கையில் கட்டுகிற நம்முடைய காப்பு, இதை உடனே பல் வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும் என்கிறார். அறிவித்தேன். ஹாகோப் அகராதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். கலியாணத்துக்கு மாஸ்டர்தான் இரண்டு மொழியிலும் வரவேற்புரை. எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை வந்துபோனார். நான் கேட்கவில்லை, அவராகவே “தேத்தண்ணி இருந்தால் தாங்கோ” என்றார். சீனி மூன்று கரண்டி.

அன்று என்னிடம் வாங்கிய காசைப் பற்றி மட்டும் பேச்சில்லை.

“அதை விடும்” என்கிறார் இவர். “மனுசன் குடிச்சிட்டுதெல்லோ.”

குடித்தது வேறு, கொடுக்கவேண்டியது வேறு. குடித்ததற்காக யாருக்கும் கடனில் கழித்துவிடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மாஸ்டர், இந்த வரி உங்களுக்கு. இருபது யூரோ.